பழைய பிளாஸ்டிக் மோட்டார்சைக்கிள் கிட்டை மீட்டெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாரோ பல வருடங்களுக்கு முன்பு பாதி கட்டி அப்படியே விட்டது, முழுவதும் கட்டி அலமாரியில் வைத்துத் தூசி மண்டிப்போனது, பெட்டி கிழிந்தும் உள்ளே பாகங்கள் ஸ்ப்ரூவிலேயே (பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டம்) இருப்பது, இப்படி ஏதோ ஒரு நிலையில் பழைய மோட்டார்சைக்கிள் மாடல் ஒன்று கைக்கு வந்து சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதுக் கிட்டில் (பாகங்களாக வரும், நாமே ஒட்டிக் கட்டும் மாடல் பெட்டி) ஒரு பாகம் கெட்டுப்போனால் இன்னொரு பெட்டி வாங்கிவிடலாம். பழையதில் பெரும்பாலும் அந்த வழி கிடையாது. அதனால் கீழே வரும் பதில்கள் எல்லாவற்றிலும் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்: இப்போது செய்யப்போவதைப் பிறகு திருப்பி எடுக்க முடியுமா, முடியாதா?

என்னிடம் இருப்பது எந்தக் கிட் என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஸ்கேலை, அதாவது மாடல் நிஜ வண்டியில் எத்தனையில் ஒரு பங்கு என்பதைக் கண்டுபிடியுங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து, நிஜ வண்டியின் வீல்பேஸை அதால் வகுத்தால் போதும். உதாரணமாக 1969இல் வந்த ஹோண்டா சிபி750 வண்டியின் வீல்பேஸ் சுமார் 1455 மி.மீ. உங்கள் மாடலில் அது 24 செ.மீ. அளவுக்கு வந்தால் 1/6, 12 செ.மீ. அளவுக்கு வந்தால் 1/12.

ஸ்கேல் தெரிந்தாலே கம்பெனியைப் பாதி ஊகித்துவிடலாம். தமியா 1/6இலும் 1/12இலும் நிறையச் செய்திருக்கிறது. ரெவெல், ஹெல்லர் இரண்டும் 1/8 பக்கம். 1/9 என்று வந்தால் முதலில் இத்தாலியின் ப்ரோட்டாரைத்தான் நினைக்க வேண்டும். அந்தக் கம்பெனியை ஆரம்பித்தவர் தார்குவினியோ ப்ரோவினி, 1957இலும் 1958இலும் உலக சாம்பியன் பட்டம் வென்ற மோட்டார்சைக்கிள் பந்தய வீரர். அவருடைய இரண்டு பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்துத்தான் கம்பெனிக்கே பெயர் வைத்தார். ஓட்டியவரே மாடல் செய்ததாலோ என்னவோ, அந்தக் கிட்களில் எஞ்சின் பக்கத்து நுணுக்கம் இன்றைக்கும் பார்க்கப் பிடிக்கும்.

பெட்டி இல்லாவிட்டாலும் ஸ்ப்ரூ சட்டத்தின் உள்பக்கம், எஞ்சினின் அடிப்பாகம், சீட்டின் அடிப்பக்கம் ஆகிய இடங்களில் கம்பெனி பெயரோ வருடமோ அச்சாகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே இருக்கும் வருடம் பாகங்களை வார்க்கும் அச்சு முதலில் செய்யப்பட்ட வருடம்தான். உங்கள் பிரதி அதற்குப் பல வருடம் கழித்து வந்த மறுவெளியீடாகவும் இருக்கலாம்.

ஸ்ப்ரூவிலிருந்து வெட்டாத பழைய கிட். கட்டலாமா, அப்படியே வைக்கலாமா?

அதே கிட் மறுவெளியீடாகக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். தமியா தன் பெரிய ஸ்கேல் வண்டிகள் பலவற்றைத் திரும்ப வெளியிட்டிருக்கிறது, பழைய ப்ரோட்டார் கிட்கள் சிலவற்றை இத்தாலெரி வெளியிட்டது. மறுவெளியீடு கிடைத்தால் அதைக் கட்டுங்கள், பழையதை வைத்திருங்கள். கிடைக்காவிட்டால், என் கருத்து, கட்டுங்கள். கட்டுவதற்காகச் செய்த பொருள் அது. ஆனால் கையேட்டையும் டீகால் (நீரில் நனைத்து ஒட்டும் படங்களும் எழுத்துகளும்) தாளையும் பெட்டிப் படத்தையும் ஸ்கேன் செய்யாமல் முதல் பாகத்தை வெட்டாதீர்கள்.

கட்டி முடித்த பழைய மாடல். அதை முழுக்கப் பிரிக்கத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. பலருக்கு இதைச் சொன்னால் ஆச்சரியமாக இருக்கிறது, ஆனால் நிறைய மாடல்களுக்குத் தேவைப்படுவது குளியலும் இரண்டு மூன்று உடைந்த பாகங்களைச் சரிசெய்வதும் மட்டும்தான். கட்டியவர் நன்றாகக் கட்டியிருந்தால், அந்த வேலையையே அழித்துவிட்டு உங்கள் வேலையை மேலே போடுவது மீட்டெடுப்பு ஆகாது. அப்பா கட்டியது, அண்ணன் கட்டியது என்றால் தூரிகைத் தடம் தெரிகிற பெயிண்டைக்கூட நான் தொடமாட்டேன்.

பிரித்தே ஆக வேண்டிய நிலை என்று நான் நினைப்பது இவை: டயர் ரிம்மைத் தின்றிருப்பது, பிரேம் உடைந்து வண்டி சாய்ந்து நிற்பது, பசை வழிந்து பாகங்கள் கோணலாக ஒட்டியிருப்பது, பெயிண்ட் தானாக உரிந்து விழுவது. மற்றபடி கழுவிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எதிலிருந்து ஆரம்பிப்பது?

போட்டோவிலிருந்து. எல்லாப் பக்கமும் எடுங்கள், கேபிள் எந்த வழியாகப் போகிறது என்பதைக் கிட்டே வைத்து எடுங்கள். பிரித்த பிறகு கையேட்டைவிட இந்தப் போட்டோக்கள்தான் உதவும், ஏனென்றால் கட்டியவர் எல்லா இடத்திலும் கையேட்டின்படியே கட்டியிருப்பார் என்று சொல்ல முடியாது.

அப்புறம் தூசி. மென்மையான மேக்கப் பிரஷ்ஷால் காய்ந்த தூசியை முதலில் தட்டிவிடுங்கள், ஈரத்தைக் கொண்டுபோனால் தூசி சேறாகி சிலிண்டர் ஃபின்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், பஞ்சுக் குச்சி, பொறுமை. டீகால் இருக்கும் இடத்தில் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். சமையலறைப் புகை, சிகரெட் புகை படிந்த பிசுக்கு என்றால் ஒரு முறையில் போகாது. தண்ணீரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள், வலுவான கரைப்பானுக்குத் தாவாதீர்கள். கடைசியில் மெல்லிய வடிகட்டி வைத்த வடிகாலில் மட்டும் தண்ணீரைக் கொட்டுங்கள். பிரேக் லீவர், கண்ணாடித் தண்டு எல்லாம் அப்படித்தான் தொலைகின்றன.

பசை போட்டு ஒட்டியதை உடையாமல் பிரிக்க முடியுமா?

எந்தப் பசை என்பதைப் பொறுத்தது. பிளாஸ்டிக் சிமென்ட் என்பது உண்மையில் ஒட்டுவதில்லை, கரைத்து இணைக்கிறது. அதிலுள்ள கரைப்பான், பாகங்கள் செய்யப்பட்ட பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனின் இரண்டு பரப்புகளையும் இளக்கி, ஆவியாகும்போது இரண்டும் ஒரே பிளாஸ்டிக்காக இறுகிவிடுகின்றன. நன்றாகப் பிடித்த இடத்தில் இணைப்பு என்று தனியாக ஒன்று மிச்சமில்லை. அங்கே எந்த மருந்தும் வேலை செய்யாது, மெல்லிய ரம்பத்தால் அறுக்கத்தான் வேண்டும். ரம்பம் தின்றுவிடும் தடிமனுக்குப் பிறகு அதே அளவு பிளாஸ்டிக் தகடு வைத்து ஈடுகட்ட வேண்டும் என்பதையும் அறுப்பதற்கு முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல செய்தி என்னவென்றால், பழைய மாடல்களில் பாதிக்குப் பாதி கெட்டியான டியூப் பசையைத் தாராளமாகப் பிதுக்கி ஒட்டியிருப்பார்கள். வயதாக ஆக அது நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். மாடலை ஒரு பையில் போட்டு ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்து, வெளியே எடுத்த உடனே இணைப்பில் மெதுவாகத் திருகு கொடுத்துப் பாருங்கள். இழுக்காதீர்கள், திருகுங்கள். டிக் என்ற சத்தத்தோடு விட்டுவிடும் இடங்கள் நிறைய இருக்கும். சூப்பர் குளூவுக்கும் இது நன்றாகவே வேலை செய்கிறது. குளிரில் பிளாஸ்டிக்கும் நொறுங்கும் தன்மை அடைகிறது என்பதால் ஹேண்டில்பார், ஃபோர்க் மாதிரி ஒல்லியான பாகங்களைப் பிடித்து நெம்பக் கூடாது, பருத்த இடத்தைப் பிடியுங்கள்.

விடாத இணைப்பை வற்புறுத்தாதீர்கள். எஞ்சினின் இரண்டு பாதிகளும் நேராக ஒட்டியிருந்தால் அவற்றை எதற்குப் பிரிக்க வேண்டும்?

திருகாணி துருப்பிடித்துச் சுற்ற மாட்டேன் என்கிறது.

பெரிய ஸ்கேல் கிட்களில் பிரேமையும் சக்கரத்தையும் சின்னத் திருகாணிகள் பிடித்திருக்கும். துரு நீக்கும் எண்ணெயைத் தெளிக்கும் பழக்கம் நமக்கெல்லாம் உண்டு, இங்கே வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய்கள் இறுக்கத்தில் இருக்கும் பாலிஸ்டைரீனில் விரிசல் விழச் செய்யும். அதற்குப் பதில் சாலிடரிங் அயர்ன் முனையைத் திருகாணியின் தலையில் மட்டும் சில வினாடிகள் வையுங்கள். சூடு உள்ளே இறங்கி மரையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் லேசாக இளகும், உடனே சரியான அளவுள்ள ஸ்க்ரூடிரைவரால் திருப்பினால் வந்துவிடும். சில வினாடிகள் என்றால் சில வினாடிகள்தான், அதற்கு மேல் வைத்தால் திருகாணி பாகத்தோடு சேர்ந்து அமிழும்.

பழைய பெயிண்டை எதைக் கொண்டு உரிப்பது?

மென்மையானதிலிருந்து வலுவானதற்குப் போங்கள். 90 சதவீதத்துக்கு மேல் இருக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் அக்ரிலிக் பெயிண்ட் பெரும்பாலானவற்றை ஒரு இரவில் இளக்கிவிடும், பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும். பழைய மாடல்களில் அதிகம் பார்ப்பது எனாமல் பெயிண்ட். அதற்கு டாட் 3 பிரேக் ஆயில் நன்றாக வேலை செய்யும், ஆனால் தோலுக்கு ஆகாது, கையுறையும் பிறகு சோப்புத் தண்ணீரில் நல்ல கழுவலும் கட்டாயம். அசிட்டோன், லாக்கர் தின்னர், பெட்ரோல் மூன்றும் பாலிஸ்டைரீனையே கரைக்கும் அல்லது கெடுக்கும், பக்கத்தில்கூட வைக்காதீர்கள்.

எதைப் பயன்படுத்தினாலும் முதலில் அதே கிட்டின் ஒரு ஸ்ப்ரூத் துண்டைப் போட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கள். ஸ்ப்ரூ இல்லையென்றால் வெளியே தெரியாத ஒரு பாகத்தின் உள்பக்கம். ஹெட்லைட் கண்ணாடி, விண்ட்ஷீல்டு போன்ற தெளிவான பாகங்களையும் டயர், சீட், குழாய் போன்ற மெத்தென்ற பாகங்களையும் இந்த ஊறலில் போடவே கூடாது. தெளிவான பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, கீறலை மிக நுண்ணிய பாலிஷ் துணியால் படிப்படியாகத் தேய்த்து எடுக்கலாம்.

குரோம் மங்கிவிட்டது, சில இடத்தில் உரிந்தும் போயிருக்கிறது. என்ன செய்வது?

மோட்டார்சைக்கிள் மாடலில் கண் முதலில் போகும் இடம் குரோம்தான், மீட்டெடுப்பில் அதிக விவாதம் வருவதும் இங்கேதான். கிட்களில் வரும் பளபளப்பு நிஜக் குரோமியம் அல்ல. பிளாஸ்டிக்கின் மேல் ஒரு லாக்கர் பூச்சு, அதன் மேல் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த மிக மெல்லிய அலுமினியம், அதைக் காக்க மேலே இன்னொரு தெளிவான பூச்சு. இது புரிந்தால் மற்றது எளிது.

மங்கல் மட்டும் என்றால் முதலில் சோப்புத் தண்ணீர். பாதி மாடல்களில் மங்கல் என்று நினைத்தது பிசுக்காகத்தான் இருக்கும். தேய்க்கும் பாலிஷ் எதையும் போடாதீர்கள், அலுமினியம் போய்விடும். ஒரு மட்கார்டின் ஓரத்தில் சின்ன உரிசல், ஸ்ப்ரூவிலிருந்து வெட்டிய தழும்பு என்றால் லிக்விட் குரோம் பேனாவால் தொட்டுவிட்டால் போதும், கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தால் தெரியாது. பழைய பளபளப்பு முக்கால்வாசி நன்றாக இருந்தால் அதைக் காப்பாற்றுவதுதான் சரி என்பேன்.

மொத்தமும் போய்விட்டதென்றால் உரிக்கலாம். துணி வெளுக்கும் பிளீச்சில் ஊறவைத்தால் அலுமினியம் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் கரைந்துவிடும். அடியிலிருக்கும் லாக்கர் அப்படியே இருக்கும். அதை விட்டுவைத்தால் நுண்ணிய கோடுகள் மழுங்கித் தெரியும், சிமென்ட்டும் பிடிக்காது. எனவே நன்றாகக் கழுவிக் காயவைத்து, அதன் பிறகு தனியாக ஐசோபுரோபைல் ஆல்கஹாலிலோ பிரேக் ஆயிலிலோ ஊறவைத்து எடுக்க வேண்டும். இந்த இடத்தில் கவனம்: பிளீச்சை ஆல்கஹாலோடும் அமிலத்தோடும் அம்மோனியா உள்ள கிளீனரோடும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷ வாயு வரும். பாத்திரத்தை மாற்றுங்கள், நடுவில் நிறையத் தண்ணீரில் அலசுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

புதிதாகப் பளபளப்பு ஏற்ற, ஏர்பிரஷ் இருந்தால் அல்கிளாட் போன்ற உலோகப் பூச்சு. அதன் வெற்றி முழுக்க அடியில் இருக்கும் கறுப்பில் இருக்கிறது. பளபளப்பான கறுப்பு பெயிண்ட் கண்ணாடி மாதிரி வழவழப்பாகி, முழுக்கக் காய்ந்து இறுகிய பிறகு, மிகக் குறைந்த அழுத்தத்தில் மெல்லிய பனியாகப் பல முறை அடிக்க வேண்டும். ஒரே அடியில் முடிக்க நினைத்தால் சாம்பல் நிறம்தான் வரும். லிக்விட் குரோமை ஏர்பிரஷ்ஷிலும் அடிக்கலாம், அது பளபளப்பில் இன்னும் கிட்டே வரும், ஆனால் பல நாள் கை படாமல் விட வேண்டும், மேலே தெளிவான வார்னிஷ் அடித்தால் பெரும்பாலும் வெள்ளிச் சாயலுக்கு இறங்கிவிடும்.

டயர் ரிம்மோடு ஒட்டிப் பிசுபிசுவென்று உருகிப்போயிருக்கிறது. ஏன்?

பழைய கிட்களில் நிறைய டயர்கள் மெத்தென்ற பி.வி.சி. பி.வி.சி.யை மெத்தென்று ஆக்கச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் எண்ணெய் காலப்போக்கில் வெளியே கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனுக்குள் புகுந்து அதை இளக்கிவிடுகிறது. சூடான இடத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். பெட்டிக்குள்ளேயே டயர் ஒரு பக்கம் கிடந்து பெட்ரோல் டேங்க் மேல் வட்டமாகத் தழும்பு போட்டிருப்பதையும் பார்க்கலாம்.

டயரைக் கழற்ற முதலில் வெந்நீரில் சிறிது நேரம் வைத்து இளக்குங்கள், பிறகு வழவழப்பான பிளாஸ்டிக் கத்தி ஒன்றை ஓரமாகச் செருகிச் சுற்றி வாருங்கள். ரிம்மில் பிசுபிசுப்பான இடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவிவிட்டு, திறந்த காற்றில் வாரக்கணக்கில் விடுங்கள். இளகிய பிளாஸ்டிக்கின் மேல் புட்டி போட்டால் புட்டியும் சேர்ந்து இளகும், அதனால் அவசரப்பட்டுப் பயனில்லை. கெட்டியான பிறகு பள்ளத்தை இரண்டு பகுதி எபாக்சி புட்டியால் நிரப்பி உப்புத்தாள் போடலாம்.

அதே டயரைத் திரும்ப மாட்டினால் அதே கதைதான். நடுவில் தடுப்பு வேண்டும். பெயிண்ட் மட்டும் போதாது, பல பெயிண்ட்களையும் அந்த எண்ணெய் இளக்கிவிடும். ரிம்மின் பள்ளத்தில், டயருக்கு அடியில் மறையும் இடத்தில், மெல்லிய அலுமினியம் ஒட்டுத்தாளை ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள். உலோகத்தை அது கடக்காது. வெளியே ஒன்றும் தெரியாது.

டயரின் நடுவே ஓடும் அச்சுக் கோட்டை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தால் போதும், ஓடிப் பழகிய டயர் மாதிரி லேசான மங்கலும் சேர்ந்து வந்துவிடும். மெத்தென்ற பி.வி.சி.யின் மேல் எனாமல் பெயிண்ட் எழுத்து எழுதாதீர்கள், அது எத்தனை மாதமானாலும் காயாமல் பிசுபிசுவென்றே இருக்கும்.

ஸ்போக்குகள் உடைந்திருக்கின்றன. கம்பியால் மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நிஜ ஸ்போக் தோராயமாக 3.5 மி.மீ. தடிமன். 1/6இல் அது 0.6 மி.மீ., 1/9இல் 0.4 மி.மீ., 1/12இல் 0.3 மி.மீ. பிளாஸ்டிக் அச்சில் அவ்வளவு மெல்லியதாக வார்ப்பது கஷ்டம் என்பதால் சின்ன ஸ்கேலில் ஸ்போக்குகள் தடியாக இருக்கும். 1/12 மாடலில் 0.6 மி.மீ. ஸ்போக் இருந்தால் நிஜத்தில் அது 7 மி.மீ. கம்பிக்குச் சமம். அதனால்தான் சின்ன மாடலில் கம்பி ஸ்போக் போட்டதும் மாடலே வேறாகத் தெரிகிறது, பெரிய 1/6 மாடலில் அவ்வளவு வித்தியாசம் தெரிவதில்லை.

ஒன்றிரண்டு மட்டும் உடைந்திருந்தால் சூடாக்கி அதே தடிமனுக்கு இழுத்த ஸ்ப்ரூவையோ கம்பியையோ வைத்துப் பெயிண்டால் மறைத்துவிடுங்கள். முழுச் சக்கரத்தையும் மாற்றுவதானால், பழைய ஸ்போக்குகளை வெட்டும் முன்பே ரிம்மும் ஹப்பும் நடுவில் நிற்கும்படி ஒரு பலகையில் முட்டுகள் ஒட்டி அவற்றைப் பிடித்துவைக்க வேண்டும். வெட்டிய பிறகு நடுப்புள்ளியைத் தேடுவது மிகக் கடினம், சக்கரம் சுற்றும்போது ஆட்டம் காட்டிக்கொடுத்துவிடும். எண்ணிக்கையை நிஜ வண்டியின் போட்டோவில் எண்ணுங்கள், பழைய ஜப்பானிய வண்டிகளில் 36 அல்லது 40 என்பது வழக்கம். எந்த ஸ்போக் எதன் மேலே கடக்கிறது என்பதையும் அதே போட்டோவில் பாருங்கள். ஒரு சக்கரத்துக்கு ஒரு வாரம் ஒதுக்கினால் நிதானமாகச் செய்யலாம்.

காணாமல்போன பாகங்களுக்கு என்ன வழி?

மோட்டார்சைக்கிளில் ஒரு வசதி, பாதிப் பாகங்களுக்கு ஜோடி உண்டு. இன்டிகேட்டர், ஃபுட்ரெஸ்ட் ரப்பர், பின் ஷாக் அப்சார்பர் எல்லாம் ஒன்று இருந்தால் அதை வைத்துச் சிலிக்கோன் அச்சு எடுத்து ரெசினில் இன்னொன்று வார்த்துவிடலாம். நான்கு சிலிண்டர் வண்டியில் ஒரு கார்புரேட்டர் தொலைந்தால் மற்ற மூன்றில் ஒன்று மாதிரியாகும். ஆனால் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும் பாகங்கள், அதாவது சைடு கவர், பிரேக் லீவர், சைலன்சர் போன்றவை, நகலெடுத்தால் தவறான பக்கத்துப் பாகம்தான் கிடைக்கும். சிலிக்கோன் அச்சின் அடியில் களிமண் வைத்தால் கந்தகம் இல்லாத களிமண்ணாகப் பாருங்கள், கந்தகம் இருந்தால் சில வகைச் சிலிக்கோன் இறுகவே இறுகாது.

தட்டையான பாகங்களைப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டலாம். லீவர், பெடல் மாதிரியானவற்றுக்குப் பித்தளைக் கம்பியை வளைத்து முனையைத் தட்டித் தட்டையாக்கினால் பிளாஸ்டிக்கைவிட உறுதியாகவே நிற்கும். சுருள் ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தால் அதே விட்டமுள்ள கம்பியில் மெல்லிய ஸ்டீல் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, பிறகு இழுத்து இடைவெளி கொடுங்கள்.

வளைந்துபோன பிரேம், மட்கார்டு நேராகுமா?

ஆகும். பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸ் அருகில்தான் முழுக்க இளகும், அதற்கு முன்பே வளைந்துகொடுக்க ஆரம்பித்துவிடும். கொதிக்காத வெந்நீரில் சில வினாடிகள் நனைத்து, லேசாக வளைத்து, அதே நிலையில் பிடித்துக் குளிர்ந்த நீரில் காட்டுங்கள். தேவைப்பட்டால் திரும்பச் செய்யுங்கள். ஹேர்டிரையர் வேண்டாம், சூடு ஒரே சீராகப் பரவாது.

டீகால் மஞ்சளாகிவிட்டது. பயன்படுத்த முடியுமா?

பெரும்பாலும் முடியும், ஆனால் அந்தத் தாளைத் தொடும் முன்பு குறைந்தது 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு என்ன நடந்தாலும் அச்சடித்துக்கொள்ளலாம். வீட்டுப் பிரின்டர்கள் வெள்ளை அச்சடிக்காது என்பதை மட்டும் கவனத்தில் வையுங்கள், வெள்ளை எழுத்து உள்ள டீகாலுக்கு வெள்ளைத் தாளில் சுற்றிலும் டேங்க் நிறத்தையே அச்சடித்து வெட்ட வேண்டியிருக்கும்.

மஞ்சளானது தெளிவான படலம் மட்டும் என்றால் வெயில் வெளுக்கும். தாளை ஜிப் பையில் போட்டு, அச்சுப் பக்கம் வெளியே பார்க்கும்படி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி ஒன்றிரண்டு வாரம் விடுங்கள், தினமும் பாருங்கள். சிவப்பு மை வெளிற ஆரம்பித்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

அடுத்த ஆபத்து, தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாகப் போவது. தேவையில்லாத ஒரு சின்ன டீகாலை வெட்டி முதலில் சோதியுங்கள். உடைந்தால், முழுத் தாளின் மேலும் மைக்ரோஸ்கேல் லிக்விட் டீகால் ஃபிலிம் அல்லது தெளிவான லாக்கர் மெல்லியதாகப் போட்டுக் காயவையுங்கள். அது ஒரே படலமாகிவிடுவதால், பிறகு ஒவ்வொரு டீகாலையும் ஓரத்துக்கு நெருக்கமாகத் தனித்தனியே வெட்டியெடுக்க வேண்டும். பழைய பசை பலவீனமாகியிருந்தால் ஒரு சொட்டு நீர்த்த வெள்ளைப் பசையை அடியில் வைத்தால் பிடித்துக்கொள்ளும். எப்போதும் பளபளப்பான பரப்பின் மேல்தான் ஒட்ட வேண்டும், மங்கலான பரப்பில் காற்று அடைபட்டு வெள்ளி வெள்ளியாகத் தெரியும். டேங்கின் வளைவில் உட்கார இளக்கும் திரவம் போட்டால் டீகால் சுருங்கிப் பயமுறுத்தும். அப்போது கை வைக்காதீர்கள், காயும்போது தானாக இறங்கும்.

பெட்ரோல் டேங்க் நிறம் பெட்டிப் படம் மாதிரி வரவே மாட்டேன் என்கிறதே?

அந்தக் காலத்து வண்டிகள் பல கேண்டி நிறத்தில் வந்தவை. முதல் சிபி750 கேண்டி நீலப்பச்சை, கேண்டி ரூபி சிவப்பு, கேண்டி தங்கம் என்று வந்தது. கேண்டி என்றால் வெள்ளியோ தங்கமோ அடியில் பூசி, அதன் மேல் ஒளி ஊடுருவும் நிறத்தைப் பல அடுக்காக ஏற்றுவது. ஒளி உள்ளே போய் அடியிலிருக்கும் உலோகத்தில் பட்டுத் திரும்புவதால்தான் அந்த ஆழம் வருகிறது, சாதாரணச் சிவப்பில் எவ்வளவு பாலிஷ் போட்டாலும் வராது.

ஒவ்வோர் அடுக்கிலும் நிறம் கருமையாகிக்கொண்டே போகும். எனவே டேங்கையும் இரண்டு சைடு கவர்களையும் ஒரே நேரத்தில், பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே எண்ணிக்கையில் அடியுங்கள். நாளைக்குத் தனியாகச் சைடு கவர் அடித்தால் சேராது.

எஞ்சினுக்கு வாஷ் (பள்ளங்களில் நிழல் காட்ட நீர்த்துப் பூசும் பெயிண்ட்) போட்டதும் பிளாஸ்டிக்கில் விரிசல் விழுந்தது. எதனால்?

வாஷில் இருக்கும் எனாமல் தின்னர், இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்குக்குள் ஊர்ந்துபோய் அதைப் பிளக்கிறது. மோட்டார்சைக்கிளில் இறுக்கமான இடங்கள் அதிகம், திருகாணி போட்ட பிரேம், ஸ்பிரிங் தள்ளும் ஃபோர்க், அழுத்திச் செருகிய அச்சு. அதனால் வாஷை பாகங்கள் தனித்தனியாக இருக்கும்போதே போட்டு, முழுக்கக் காய்ந்த பிறகு பூட்டுங்கள். பூட்டிய வண்டி என்றால் நீரில் கரையும் வாஷ் பாதுகாப்பானது.

எஞ்சின் முழுக்க ஒரே வெள்ளி நிறம் அடித்துவிடாதீர்கள். நிஜத்தில் வார்த்த அலுமினியம் மங்கலாகவும், பாலிஷ் போட்ட கிளட்ச் கவர் பளபளப்பாகவும், போல்ட் தலைகள் வேறு சாயலிலும் இருக்கும். மூன்று சாயல் போதும், எஞ்சினுக்கு உயிர் வந்துவிடும்.

கேபிள்களும் குழாய்களும் விறைத்துப்போயிருக்கின்றன.

மாற்றிவிடுங்கள், கிட் குழாய்களும் பெரும்பாலும் அதே கசியும் பி.வி.சி.தான், பழையதை ஒரு பையில் போட்டுத் தனியே வையுங்கள். நிஜக் கிளட்ச் கேபிள் வெளியுறை 5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 1/12க்கு 0.4 மி.மீ., 1/6க்கு 0.8 மி.மீ. சாலிடர் கம்பி, மெல்லிய எலெக்ட்ரிக் வயர் இரண்டும் நல்ல வளைவு கொடுக்கும். ஹேண்டில்பாரை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து நீளத்தை முடிவு செய்யுங்கள், நிஜ வண்டியில் எந்தக் கேபிளும் விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்காது.

முடித்த மாடலை எப்படி வைப்பது?

நேர் வெயில் படாத இடம், அக்ரிலிக் மூடி, சூடாகாத அலமாரி. டயரில் எடை தங்காதபடி எஞ்சினுக்கு அடியில் ஒரு சின்ன முட்டு கொடுங்கள், சைடு ஸ்டாண்டை நம்பாதீர்கள், அந்த ஒல்லிப் பிளாஸ்டிக் வருடக்கணக்கில் எடையைத் தாங்கினால் மெல்ல வளையும். மிச்சமான பாகங்கள், வெட்டிய ஸ்ப்ரூ, பழைய குழாய், பெட்டி எல்லாவற்றையும் ஒன்றாக வையுங்கள். அதில் உபரி டயர் இருந்தால் மட்டும் தனிப் பையில் போட்டு, அந்தப் பையும் பாகங்கள் மேல் படாமல் இன்னொரு சின்ன அட்டைப் பெட்டியில் வையுங்கள். எந்தப் பாகத்தை மாற்றினீர்கள், எந்தப் பெயிண்ட் அடித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அதே பெட்டிக்குள் போட்டுவிட்டால், பிறகு அதைத் திறப்பவருக்கு எந்தக் கரைப்பானை எடுக்கலாம் என்பதாவது தெரியும்.